வெய்ட்டிஸ் வேரிங்: சார்ல்ஸ்டன் நகரம் ஒதுக்கிவைத்த நீதிபதி

கேள்வி இது: அமெரிக்காவில் சட்டத்தின் போக்கை மாற்றுவது உச்ச நீதிமன்றம்தானே, கீழே உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்கும் ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) விசாரணை நீதிபதி ஒருவரால் பெரிதாக என்ன செய்துவிட முடியும்? அப்படிச் செய்தவர் எவரேனும் இருந்தால் அவருடைய பணி வாழ்க்கையை விவரமாகச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தார். தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஜே. வெய்ட்டிஸ் வேரிங். 1942 முதல் 1952 வரை பத்தே ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அவரைப் பற்றி நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இன்னும் பலருக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிபதியை நம் ஊர் மாவட்ட நீதிபதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், செனட் சபை ஒப்புதல் தருகிறது. நன்னடத்தை உள்ளவரை ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கலாம். பணியில் இருக்கும்வரை அவருடைய சம்பளத்தைக் குறைக்க முடியாது. மாநில அரசுக்கு அவர்மீது எந்தப் பிடியும் கிடையாது. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் நாட்டின் அரசமைப்புக்கு முரணானது என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு உண்டு. இவ்வளவும் இருந்தும், அன்றைய தென் மாநிலங்களில் இந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளையர் சமூகத்தின் பிள்ளைகள். அதிகாரம் கையில் இருக்கும், அதைப் பயன்படுத்தும் எண்ணம் இருக்காது.

வேரிங்கும் அப்படி வந்தவர்தான். 1880இல் பிறந்தார். எட்டுத் தலைமுறையாக சார்ல்ஸ்டனில் வேரூன்றிய குடும்பம். தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையில் இருந்தவர். வேரிங் உள்ளூர்க் கல்லூரியில் படித்தார், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்டம் பயின்றார், 1902இல் வழக்கறிஞரானார். சில ஆண்டுகள் ஃபெடரல் அரசின் துணை வழக்கறிஞர், பிறகு நகராட்சியின் சட்ட ஆலோசகர். 1938இல் ‘காட்டன் எட்’ என்று அழைக்கப்பட்ட செனட்டர் எலிசன் ஸ்மித்தின் தேர்தல் வேலையைச் சார்ல்ஸ்டனில் கவனித்தவரும் இவரே. அந்த ஸ்மித் வெளிப்படையான இனவெறி அரசியல்வாதி. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேரிங்கை ஃபெடரல் நீதிபதியாக முன்மொழிந்தபோது தென் கரோலினா அரசியல்வாதிகள் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. 61 வயது, நல்ல குடும்பம், நம்மவர் என்று நினைத்தார்கள்.

மாற்றம் எங்கே தொடங்கியது என்பதில் ஒரு பழைய சர்ச்சை உண்டு. 1945இல் வேரிங் முப்பதாண்டுகளுக்கும் மேல் தன்னோடு வாழ்ந்த மனைவியை விவாகரத்து செய்துவிட்டு, ஏற்கெனவே இருமுறை மணமுறிவு கண்ட, வடக்கிலிருந்து வந்த எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். அப்போது தென் கரோலினாவில் விவாகரத்துக்குச் சட்டமே இல்லை, அதற்காக ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டியிருந்தது. சார்ல்ஸ்டனின் பெரிய குடும்பங்கள் அவர்களுக்குக் கதவைச் சாத்தின. ‘ஊர் ஒதுக்கிவைத்த கோபத்தில்தான் அவர் கறுப்பினத்தவர் பக்கம் சாய்ந்தார், எல்லாம் அந்த வடக்கத்திப் பெண்ணின் தூண்டுதல்’ என்பது எதிரிகள் அன்று பரப்பிய கதை. இன்றும் சிலர் அதையே சொல்கிறார்கள். நாட்காட்டியைப் பார்த்தால் இது நிற்காது. 1944 பிப்ரவரியிலேயே, அதாவது மணமுறிவுக்கு ஓராண்டுக்கு முன்பே, சார்ல்ஸ்டன் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் சமச் சம்பளம் கேட்ட வழக்கு அவர் முன் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்காக வாதாட வந்தவர் தர்குட் மார்ஷல், பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். தெற்கத்திய நீதிமன்றங்களில் அவமதிப்பையே பார்த்துப் பழகிய அவர், வேரிங் நடந்துகொண்ட நேர்மையைக் கண்டு வாய் பிளந்து நின்றதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சட்டம் தெளிவாக இருக்கிறது, சம்பளத்தைச் சமமாக்குங்கள் என்று வேரிங் முடித்துவிட்டார். கோபமோ புரட்சியோ அதில் இல்லை. சாட்சியத்தைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், தீர்ப்பளித்தார். அவருடைய மாற்றம் முழுவதும் இந்த வழியில்தான், வழக்குக் கட்டு வழக்குக் கட்டாக, நடந்தது என்பது என் உறுதியான கருத்து.

அவரை உலுக்கியது 1946ஆம் ஆண்டின் ஐசக் வுட்டர்டு வழக்கு. வுட்டர்டு கறுப்பின ராணுவச் சார்ஜென்ட். பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பி, பிப்ரவரி 12 அன்று ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு மனைவியைப் பார்க்க பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். வழியில் கழிப்பறைக்குப் போவது பற்றி ஓட்டுநரோடு வாக்குவாதம். ஓட்டுநர் பேட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் போலீசைக் கூப்பிட்டார். அவ்வூர்க் காவல் தலைவர் லின்வுட் ஷல் தடியால் அடித்ததில் வுட்டர்டின் இரண்டு கண்களும் போயின. ராணுவத்திலிருந்து விடுபட்டு ஒருநாள்கூட ஆகாத போர்வீரன். புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் வானொலியில் வாரந்தோறும் இதைப் பேசினார். செய்தி ஜனாதிபதி ட்ரூமன் வரை போனது. ஃபெடரல் அரசு ஷல் மீது வழக்குத் தொடுத்தது. மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் வேரிங் முன்னிலையில் நவம்பர் 5 அன்று விசாரணை.

அரசு வழக்கறிஞர் வழக்கை அரைமனதோடு நடத்தினார். தேட வேண்டிய சாட்சிகளைத் தேடவில்லை. ஜூரியில், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். அவர்கள் தனியறைக்குப் போனதும் வேரிங் எழுந்து வெளியே உலாவப் போய்விட்டார். நீதிபதி இல்லாமல் தீர்ப்பை வாசிக்க முடியாது. குறைந்தது இருபது நிமிடமாவது அவர்கள் யோசித்ததாகத் தோன்றட்டும் என்று அவர் நினைத்தார். ஜூரி எடுத்துக்கொண்ட நேரம் 28 நிமிடம். குற்றவாளி அல்ல என்றார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த எலிசபெத் கண்ணீரோடு வெளியேறினார். அதன் பிறகு கணவனும் மனைவியும் இன உறவுகளைப் பற்றிய நூல்களை மாலைதோறும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். தன் சொந்த ஊரைப் பற்றி 66 வயதில் புதிதாகப் படிக்க உட்கார்ந்த மனிதர் அவர்.

இந்த இடத்தில் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இதில்தான் இருக்கிறது. வுட்டர்டு வழக்கு குற்ற வழக்கு. அதில் ஜூரிதான் முடிவு செய்யும், நீதிபதி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் ஓர் அரசு அதிகாரியை ‘இதைச் செய்யாதே’ அல்லது ‘இதைச் செய்’ என்று கட்டளையிடும்படி கேட்கும் உரிமை வழக்கில் ஜூரி கிடையாது. அங்கே நீதிபதி தனியாகத் தீர்ப்பளிக்கிறார், கட்டளையை மீறினால் சிறைக்கு அனுப்பவும் முடியும். வேரிங்கின் பெரிய தீர்ப்புகள் எல்லாம் இந்த வகை.

முதலாவது வாக்குரிமை. அந்நாளில் தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) ஜெயித்தவர் பொதுத்தேர்தலில் ஜெயித்த மாதிரிதான். வேறு கட்சி பெயருக்குத்தான் இருந்தது. அந்த உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1944இல் உச்ச நீதிமன்றம் டெக்சஸ் வழக்கொன்றில் இதைச் செல்லாது என்றதும், தென் கரோலினா ஆளுநர் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். உட்கட்சித் தேர்தலைப் பற்றிய சுமார் 150 சட்டங்களை ஒரே மூச்சில் நீக்கினார்கள். இனி அரசுக்கும் இந்தத் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை, கட்சி என்பது ஒரு தனியார் மன்றம், மன்றத்தில் யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம் என்பது அவர்களின் வாதம். 1946இல் வாக்களிக்கப் போய்த் திருப்பியனுப்பப்பட்ட ஜார்ஜ் எல்மோர் என்ற கொலம்பியா நகரக் கடைக்காரர் வழக்குத் தொடுத்தார். 1947 ஜூலை 12 அன்று வேரிங் தீர்ப்பளித்தார். தனியார் மன்றங்கள் நாட்டின் ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று அந்த வாதத்தை ஒதுக்கினார். ‘தென் கரோலினா ஒன்றியத்தில் மறுபடி சேரவேண்டிய நேரம் வந்துவிட்டது’ என்று எழுதினார். 1860இல் அமெரிக்க ஒன்றியத்தை விட்டு முதன்முதலாகப் பிரிந்த மாநிலம் அது. அந்த மாநிலத்துப் படைவீரனின் மகன் இப்படி எழுதினால் உள்ளூரில் எப்படிக் கொதித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எல்மோர் தந்த விலை இன்னும் அதிகம். அவருடைய கடைக்குச் சரக்கு கொடுப்பவர்கள் நிறுத்திக்கொண்டார்கள், வியாபாரம் அழிந்தது.

கட்சி அடங்கவில்லை. வாக்களிக்க வரும் ஒவ்வொருவரும் இனப் பிரிவினையை, அதாவது இரு இனத்தாரையும் பிரித்தே வைப்பதை, ஆதரிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1948இல் விதி கொண்டுவந்தது. பியூஃபோர்ட் பகுதியைச் சேர்ந்த டேவிட் பிரவுன் என்பவர் வழக்குப் போட்டார். இந்த முறை வேரிங் பொறுமை இழந்திருந்தார். உத்தரவை மீறினால் அபராதத்தோடு விடமாட்டேன், சிறைதான் என்று கட்சி நிர்வாகிகளைத் திறந்த நீதிமன்றத்தில் எச்சரித்தார். அந்த ஆகஸ்டில் 30,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள்.

தன் நீதிமன்ற அறைக்குள்ளும் சில மாற்றங்கள் செய்தார். பார்வையாளர் இருக்கைகளில் இனவாரியாகப் பிரித்து உட்கார வைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவந்த அடையாளக் குறியை நீக்கினார். ஜான் ஃபிளெமிங் என்ற கறுப்பினத்தவரை நீதிமன்ற டவாலியாக நியமித்தார். இவை சின்னச் சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். அந்த அறைக்குள் வந்து போன மக்களுக்கு இவை சின்ன விஷயங்களாக இருக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்மோர் தீர்ப்பு வந்த அதே 1947 ஜூலையில், மாநிலச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்ட ஜான் ரைட்டன் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கிலும் வேரிங் தீர்ப்பளித்தார். அதில் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற 1896ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றக் கோட்பாட்டை, அதாவது வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்து வைக்கலாம் என்பதை, அவர் தாண்டவில்லை. கறுப்பினத்தவருக்கெனத் தனிச் சட்டக் கல்லூரி திறந்தாலும் போதும் என்றார், மாநிலமும் ஆரஞ்ச்பர்க்கில் ஒன்றைத் திறந்தது. அவர் ஒரே நாளில் ஞானம் பெற்றவர் அல்ல. பிரிவினையே குற்றம் என்ற இடத்துக்கு வந்துசேர அவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுசென்றது தென் கரோலினாவின் நிர்வாகப் பகுதிகளில் ஒன்றான கிளாரண்டன் கவுன்டி. பருத்தி விளையும் ஏழைப் பகுதி. 1949–50இல் அங்கே பள்ளியில் வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவிட்டார்கள், கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ்கள் ஓடின, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. லீவை பியர்சன் என்ற விவசாயி ஒரு பஸ் கேட்டு 1948இல் போட்ட வழக்கு, அவருடைய நிலம் எந்தப் பள்ளிப் பகுதிக்கு வரி கட்டுகிறது என்ற காரணத்தைச் சொல்லித் தள்ளுபடியானது. போதகரும் ஆசிரியருமான ஜோசப் டிலேன் வீடு வீடாகப் போய் மறுபடி மக்களைத் திரட்டினார். அகர வரிசையில் முதலில் நின்ற பெயர் ஹாரி பிரிக்ஸ். அதனால் அது பிரிக்ஸ் வழக்கு ஆயிற்று. பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த பிரிக்ஸுக்கு வேலை போனது, விடுதியில் அறை சுத்தம் செய்துவந்த அவர் மனைவி எலைசாவுக்கும் போனது. டிலேனின் வீடு பின்னர் தீக்கிரையானது.

1950 நவம்பரில் மார்ஷல் இந்த வழக்கோடு வேரிங் முன் வந்தார். வழக்கு பள்ளிகளைச் சமமாக்கக் கேட்டது. பிரிவினையை அது நேரடியாகத் தாக்கவில்லை. வேரிங் மார்ஷலிடம் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள், பிரிவினைச் சட்டமே அரசமைப்புக்கு விரோதமானது என்று நேராகத் தாக்கிப் புதிய மனு போடுங்கள். மார்ஷல் தயங்கினார். படிப்படியாகப் போவதே அவருடைய திட்டம். தோற்றால் பல ஆண்டு உழைப்பு பாழாகும் என்ற கவலை நியாயமானது. கடைசியில் டிசம்பரில் புதிய மனு தாக்கலானது.

இதன் பின்னால் ஒரு நடைமுறைக் கணக்கு இருந்தது. ஒரு மாநிலச் சட்டத்தை அரசமைப்பின் பேரில் தடைசெய்யச் சொன்னால், அன்றைய விதிப்படி வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்க வேண்டும். அந்த அமர்வின் தீர்ப்பிலிருந்து இடையில் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகும். பழைய மனுவே நீடித்திருந்தால் வேரிங் தனியாக விசாரித்திருப்பார், வாதிகள் ஜெயித்திருப்பார்கள், சில புதிய கட்டடங்களும் பஸ்களும் கிடைத்திருக்கும். புதிய மனுவில் அவரோடு அமரப் போகிற இருவரும் பிரிவினையை ஆதரிப்பவர்கள். தான் சிறுபான்மையாகித் தோற்பது உறுதி என்று தெரிந்தே, வழக்கு மேலே போக வேண்டும் என்பதற்காக அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு தரப்புக்கு நீதிபதி இப்படி யோசனை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சாதாரண வழக்கில் நான் இதை ஏற்கமாட்டேன். ஆனால் அவர் தன் தீர்மான அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ளவில்லை, அதைக் குறைத்துக்கொண்டார். இதனால் என் பார்வையில் அவர்மீதுள்ள மதிப்பு குறையவில்லை.

1951 மே 28 அன்று சார்ல்ஸ்டனில் விசாரணை. விடியுமுன்பே கிளாரண்டனிலிருந்து கார்களிலும் லாரிகளிலும் மக்கள் வந்து நீதிமன்றப் படிகளை நிறைத்தார்கள். எழுந்தவுடனே மாநிலத்தின் வழக்கறிஞர் ராபர்ட் ஃபிக், பள்ளிகள் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம், சரிசெய்ய அவகாசம் கொடுங்கள் என்றார். சாட்சியங்களின் வேகத்தைத் தணிக்கும் தந்திரம் அது. மார்ஷல் விடவில்லை. உளவியலாளர் கென்னத் கிளார்க் கிளாரண்டனில் 16 பிள்ளைகளிடம் வெள்ளை நிறப் பொம்மையையும் பழுப்பு நிறப் பொம்மையையும் காட்டிக் கேட்ட கேள்விகளைப் பற்றிச் சாட்சியம் தந்தார். தங்கள் நிறத்துப் பொம்மையையே கெட்டது என்று காட்டிய பிள்ளைகள் அவர்களில் அதிகம்.

தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. நீதிபதிகள் ஜான் பார்க்கரும் ஜார்ஜ் பெல் டிம்மர்மனும் பிரிவினை செல்லும் என்றார்கள், பள்ளிகளைச் சமமாக்கினால் போதும் என்றார்கள். வேரிங் தனியாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பிரிவினை என்பதே சமமின்மை என்று அதில் திட்டவட்டமாகச் சொன்னார். மூன்றாண்டுகள் கழித்து, 1954 மே 17 அன்று, பிரிக்ஸ் வழக்கையும் சேர்த்துத் தீர்மானித்த பிரவுன் தீர்ப்பில் (மேலே சொன்ன டேவிட் பிரவுன் வேறு) உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வந்துசேர்ந்த முடிவு அதுவே: பிரித்து நடத்தப்படும் கல்விக்கூடங்கள் இயல்பிலேயே சமமற்றவை. ஒரு மாவட்ட நீதிபதியின் தோற்றுப்போன கருத்து நாட்டின் சட்டமான கதை இது.

அந்த இடைக்காலத்தில் வேரிங் தம்பதி வாழ்ந்த வாழ்க்கை கொடியது. 1950இல் எலிசபெத் ஒரு மேடையில் தெற்கத்திய வெள்ளையர்களைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். பிறகு அவர்கள் வீட்டெதிரில் சிலுவை கொளுத்தப்பட்டது, வெள்ளை இனவெறியர்களின் வழக்கமான மிரட்டல் அது. அக்டோபரில் ஜன்னல் வழியாகக் கற்கள் வந்து விழுந்தன. ஃபெடரல் காவலர்கள் வீட்டைக் காக்க வேண்டியதாயிற்று. அவரைப் பதவிநீக்கம் செய்யக் கோரும் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இருவருக்கும் மாநிலத்தை விட்டுப் போக ஒருவழி டிக்கெட் வாங்கித் தரலாம் என்று சட்டமன்ற அவையில் தீர்மானமே வந்தது. பிறந்த தெருவில் நடந்தால் பிள்ளைப் பருவ நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டுக்கு விருந்துண்ண வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின நண்பர்களே.

1952 பிப்ரவரியில் அவர் ஓய்வு பெற்றார். 70 வயதைக் கடந்து, பத்தாண்டு பணி முடித்த நீதிபதி முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறலாம் என்பது சட்டம். பத்தாண்டு நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரவுன் தீர்ப்பு வந்த செய்தியை அங்கிருந்துதான் கேட்டார்.

கிளாரண்டன் பிள்ளைகளுக்கு அதனால் உடனே எதுவும் மாறவில்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது வேரிங் அங்கே இல்லை, பார்க்கர் இருந்தார். அரசமைப்பு பாகுபாட்டைத்தான் தடுக்கிறது, சேர்ந்து படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை என்று 1955இல் அவர் எழுதிய ஒரு வரியைத் தென் மாநிலங்கள் பல ஆண்டுகள் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. விசாரணை நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

வேரிங் 1968 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தார். உடலைச் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். மக்னோலியா இடுகாட்டில் சுமார் இருநூறு கறுப்பின மக்கள் கூடினார்கள், வெள்ளையர்கள் ஒரு டஜன் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். எலிசபெத்தும் அதே ஆண்டு இறந்தார். சார்ல்ஸ்டன் அவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ள இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 2014இல் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அங்கிருந்த ஃபெடரல் நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னாள் செனட்டர் ஏர்னஸ்ட் ஹாலிங்ஸின் பெயர் இருந்தது. என் பெயரை எடுத்துவிட்டு வேரிங்கின் பெயரை வையுங்கள் என்று ஹாலிங்ஸே கேட்டுக்கொண்டார். 2015இல் அப்படியே மாற்றினார்கள்.

மேலும் படிக்க விரும்பினால் பிரிக்ஸ் வழக்கில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பிலிருந்தே தொடங்குங்கள். சட்ட வாதத்துக்குள் போவதற்கு முன்பே அவர் அந்த வாதிகளைப் பற்றிப் பேசுகிறார். அடிமை முறையின் காலத்திலிருந்து வேரூன்றிய ஒரு வாழ்க்கை முறைக்கு எதிராக, தங்கள் சொந்தச் செலவில், இதுவரை எவரும் காட்டாத துணிவோடு இந்த வழக்கைக் கொண்டுவந்தவர்கள் என்று பெட்ரோல் நிலையத் தொழிலாளியையும் விடுதிப் பணிப்பெண்ணையும் விவசாயிகளையும் அவர் தன் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறார்.